தொடர்ச்சிப் பிழை

மறக்காமல் இருப்பது என் வேலை.
நேற்று எந்தப் பொத்தான் திறந்திருந்தது,
மைக்கூடு மேசையின் எந்த ஓரம்,
பையன் கன்னத்துப் புழுதி இடமா வலமா,
எல்லாம் என் நோட்டில் இருக்கும்.
அதற்குத்தான் கும்பா ஜூஃபுக்குச் சம்பளம்.
மீன்சோறும் மூன்று சுற்றுத் தேநீரும் தனி.

படத்தில் ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கு.
ஃபாத்திக் தாண்டி, உப்பளத்தை ஒட்டி
ஒரு பிரெஞ்சுப் பள்ளியை எழுப்பினோம்.
பதினோரே நாளில் எழும்பிவிட்டது.
கரும்பலகையில் லுவார், ரோன், செய்ன்:
எங்கள் செனகலில் ஓடாத ஆறுகள்.

சொந்த பாஷையில் வாய் திறந்த பிள்ளையின் கழுத்தில்
ஒரு மரத்துண்டை மாட்டுவார்கள்.
இன்னொருத்தன் வாய் தவறும்வரை காத்திருந்து
அவன் கழுத்துக்கு மாற்றிவிடலாம்.
மணியடிக்கும்போது யாரிடம் இருக்கிறதோ
அவனுக்கு அடி.
காவலுக்கு ஆள் வேண்டாம் பாருங்கள்,
பிள்ளைகளே போதும்.

லாத்தீர் மாம்பழப் பெட்டியை அறுத்து மூன்று செய்தான்.
ஒன்று கழுத்துக்கு, ஒன்று உடைந்தால், ஒன்று தொலைந்தால்.
தேயிலைச் சக்கையில் ஊறப்போட்டு
ஒரே ராத்திரியில் தொண்ணூறு வயது ஏற்றினான்.

நான் படித்த காலத்தில் மரம் இல்லை.
வோலோஃப் சொல் ஒன்றுக்கு ஐந்து ஃபிராங்க்.
கணக்கு எழுதியவள் நான்தான்.
என் கையெழுத்து அழகாக இருந்தது.

காட்சி இதுதான்.
வாத்தியாரின் ஸ்கேல் விரலில் விழ வேண்டும்,
பையன் அலற வேண்டும்: "வூய் யாயோ!"
அடிபட்டதும் அம்மாவைக் கூப்பிடும் அலறல்.
மாசாம்பா டக்காரில் வளர்ந்தவன்.
ரப்பர் ஸ்கேல் பட்டதும் "ஆய்!" என்றான்,
பாரிஸில் பிறந்த வலி மாதிரி.
கட்.
மறுபடி. "ஆய்!"
கட்.
டைரக்டர் மாதியோர் தானே அலறிக் காட்டினார்,
ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு தரம்.
பிறகு பிரெஞ்சில் திட்டினார்.
நாங்கள் பிரெஞ்சில் வாயை மூடிக்கொண்டோம்.
ஒன்பது டேக். ஒன்பதையும் எழுதினேன்,
எந்த மொழியில் என்று கேட்காதீர்கள்.

சாப்பாட்டு நேரத்தில் பையன்கள்
மரத்தை விளையாட எடுத்தார்கள், விதியைத் திருப்பிப் போட்டு.
பிரெஞ்சு பேசினால் மாட்டு.
லைட்காரன் மாட்டினான். மேக்கப் பெண் மாட்டினாள்.
போன் வந்தபோது "அலோ" என்ற ஒரே சொல்லுக்கு
மாதியோர் கழுத்திலும் நாலு நிமிஷம் தொங்கியது.
நான் சைகையிலேயே தின்று முடித்தேன்.

வாத்தியாராக நடிக்கும் பெர்ட்ராண்
தட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.
அவரிடம் வேறு மொழியே இல்லை.
உப்பைக் கூட விரலால்தான் கேட்டார்.
மரத்தோடு மாசாம்பா அவர் பக்கத்தில் குந்தியிருந்தான்,
எலிவளைக்கு முன்னால் பூனை போல.

கைகழுவ எழுந்தார் மனிதர்.
வெறுங்காலில் சிப்பியின் விளிம்பு ஏறியது.
எல்லோரும் காத்திருந்தோம் அந்த "ஆய்"க்கு.

"வூய் யாயோ!"

விதியில் இதற்கு இடம் கிடையாது.
யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள்.
குதிகாலில் ரத்தம், மணலில் ஒரு காசளவு.
ஒன்பது தடவை கேட்டது
அவர் வாயில் எங்கே போய்த் தங்கியிருந்ததோ.
தனக்கே கூச்சம் வந்தவர் போல நின்றார்.
அப்புறம் குனிந்து
பையன் கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றித்
தானே போட்டுக்கொண்டார்.
நியாயமா, நடிப்பா, வலி மயக்கமா,
எனக்குத் தெரியாது.
அதைப் பற்றி யாரும் கேட்கவுமில்லை.

வெயில் சாயுமுன் பத்தாவது டேக்.
உடைந்தால் என்று செய்த மரம் பையனுக்கு.
வாத்தியார் லேசாக நொண்டி வந்தார்,
கோட்டு மேல்பொத்தான் வரை பூட்டியிருந்தது.
ஸ்கேல் விழுந்தது.
பையன் அவர் முகத்தையே பார்த்தான்.
கொஞ்சம் தாமதித்து, அடிவயிற்றிலிருந்து வந்தது.
மாதியோர் கட் சொல்லவே மறந்தார்.

கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தபோது பார்த்தேன்:
காலருக்கு மேலே, காதுக்குக் கீழே,
வாத்தியார் கழுத்தில்
விரற்கடை அளவு கயிறு.

பத்தாவது டேக், என்று எழுதினேன்.
புழுதி இடக்கன்னம், என்று எழுதினேன்.
மைக்கூடு வலது ஓரம். சரி.
பென்சில் கூராகத்தான் இருந்தது.
கயிற்றைப் பற்றி
எந்த மொழியிலும் எழுதவில்லை.